நடக்கிற மனுஷரும் மரங்களும்: கண்பார்வை, மனக்கண் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழனி மலையில், கொடைக்கானலைச் சுற்றியுள்ள ஊர்களில், முப்பது வருஷத்துக்கு மேல் கண் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையில் வேதபாடம் எடுக்கிறேன். இந்த இரண்டு வேலையும் எப்போதும் கலந்துதான் இருந்தன. கண்ணைக் காட்ட வந்தவர்கள் வேதத்தைப் பற்றிக் கேட்பார்கள். வேதபாடம் முடிந்ததும் யாராவது ஒருவர் கீழ் இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "சார், இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று வந்து நிற்பார். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். வசனங்கள் நாம் வழக்கமாக வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவை.

ஆவிக்குரிய பார்வை, மனக்கண் என்கிறோமே, அது என்ன?

ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மஞ்சு இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. விடிகாலையில் பால் வாங்கப் போவேன். வளைவில் ஒரு தைல மரம் நிற்கிறது என்று நினைத்து ஒதுங்கினால், அது நடந்து வரும். முதலில் குல்லா தெரியும், பிறகு மப்ளர், அப்புறம்தான் முகம். நேற்றுச் சாயங்காலம் என்னோடு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தவராக இருப்பார்.

மாற்கு 8-ஆம் அதிகாரத்தை நான் இந்த மஞ்சுக்குள் இருந்துதான் புரிந்துகொண்டேன். பெத்சாயிதாவில் பார்வையில்லாத ஒருவரை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். அவர் அந்த ஆளின் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிப்போகிறார். கண்களில் உமிழ்ந்து, கைகளை வைத்து, "எதையாகிலும் காண்கிறாயா" என்று கேட்கிறார். "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்" என்று பதில் வருகிறது. இயேசு மறுபடியும் கை வைத்த பிறகுதான் எல்லாம் தெளிவாகிறது. நான்கு சுவிசேஷங்களிலும் இப்படி இரண்டு தடவையாக நடந்த சுகம் இது ஒன்றுதான்.

கண் சோதித்துப் பழகிய எனக்கு இதில் மனசைத் தொடுவது அந்த ஆளின் உண்மை. எங்களிடம் வருகிறவர்கள் பலர், "இப்போ தெரியுதா?" என்று கேட்டால் மரியாதைக்காக "நல்லாத் தெரியுது சார்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பாதிதான் தெரிகிறது என்று ஆண்டவர் முகத்துக்கு நேரே சொன்னதால்தான் அவருக்கு இரண்டாவது தொடுதல் கிடைத்தது. அதே அதிகாரத்தில் பேதுரு, "நீர் கிறிஸ்து" என்று சரியாகச் சொல்கிறார். மூன்று வசனம் தள்ளி, ஆண்டவர் தம்முடைய பாடுகளைப் பற்றிச் சொன்னதும் அவரையே கடிந்துகொள்கிறார். அவருக்கும் பாதிதான் தெரிந்திருக்கிறது. எபேசியர் முதல் அதிகாரத்தில் பவுல் "பிரகாசமுள்ள மனக்கண்கள்" வேண்டுமென்று ஜெபிப்பதும் ஏற்கெனவே விசுவாசத்தில் இருந்தவர்களுக்காகத்தான்.

ஆகவே என் பதில் இது. கடவுளும், எதிரே வருகிற மனுஷரும், மரமாகத் தெரியாமல் முகத்தோடு தெரிவதுதான் ஆவிக்குரிய பார்வை. இரண்டில் ஒன்று மட்டும் தெரிகிறது என்றால் இன்னொரு தடவை அவர் கை வைக்க வேண்டும்.

கண் தெரியாமல் பிறப்பது யாருடைய பாவம்?

யாருடைய பாவமும் இல்லை. யோவான் 9-ல் சீஷர்கள் கேட்ட இதே கேள்விக்கு ஆண்டவர் சொன்ன பதில்: "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல." இவ்வளவு தெளிவாக அவர் சொன்ன பிறகும் நம் ஜெபக்கூட்டங்களில் இந்தக் கேள்வி உயிரோடு இருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

ஒரு கைக்குழந்தையை எங்களிடம் கொண்டுவந்தார்கள். இரண்டு கண்மணியிலும் வெள்ளை. பிறவிக் கண்புரை. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா அம்மை வந்தால் குழந்தைக்கு இப்படி ஆகலாம். வேறு காரணங்களும் உண்டு. இதில் நாள் முக்கியம். முதல் சில மாதங்களுக்குள் ஆபரேஷன் செய்து வெளிச்சம் உள்ளே போகவில்லை என்றால், மூளை அந்தக் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொள்ளாமலே போய்விடும். பிறகு புரையை எடுத்தாலும் முழுப் பலன் இருக்காது. அந்தத் தாயோ, தெரிந்தவர்கள் சொன்னபடி, என்ன பாவம் செய்தோம் என்று யோசித்து அறிக்கையிடுவதிலேயே நாலு மாதத்தைக் கழித்திருந்தார். அந்த நாலு மாதம் குழந்தையின் கண்ணிலிருந்து எடுத்துக்கொண்டது.

யோவான் 9-ஐ இன்னொரு தடவை நிதானமாக வாசியுங்கள். 41 வசனங்களில் சுகம் நடப்பது இரண்டே வசனத்தில். மிச்சமெல்லாம் மற்றவர்கள் பேசுவது. பார்வை பெற்றுத் திரும்பிய ஆளைப் பார்த்து, அவன்தான் என்கிறார்கள் சிலர், அவனைப்போல வேறொருவன் என்கிறார்கள் சிலர். தினமும் பிச்சைக்கு உட்கார்ந்திருந்தவர். தினமும் அந்த வழியாகப் போனவர்கள். ஒருநாளும் அவர் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது. பெற்றவர்களும் யூதருக்குப் பயந்து, "இவனையே கேளுங்கள்" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஜெப ஆலயத்திலிருந்து தள்ளிவிட்ட பிறகு அவரைத் தேடிக் கண்டுபிடித்தவர் இயேசு ஒருவர்தான்.

ஜெபித்தால் போதாதா? சொட்டு மருந்தும் ஆபரேஷனும் விசுவாசக் குறைவு இல்லையா?

இதற்கு என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

என் அம்மாவுக்குக் கண் நீர் அழுத்த நோய். கண்ணுக்குள் ஊறுகிற நீர் சரியாக வடியாமல் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகும். பெரும்பாலும் வலி இருக்காது, கண் சிவக்காது. ஓரப் பார்வைதான் முதலில் போகும். நடுவில் நன்றாகத் தெரிவதால் ஊசியில் நூல் கோக்க முடியும். நிலைக்கதவில் மட்டும் தோள் இடிக்கும். போன பார்வையை மருந்தாலோ ஆபரேஷனாலோ திருப்ப முடியாது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. அம்மாவுக்கு டிமோலால், காலையும் ராத்திரியும் ஒவ்வொரு சொட்டு. நான்தான் விடுவேன்.

ஒரு வருஷம் மே மாதக் கன்வென்ஷனில் பேச வந்த ஒருவர், மருந்தையும் தேவனையும் ஒரே சமயத்தில் நம்ப முடியாது என்று பிரசங்கித்தார். அன்று ராத்திரி அம்மா, "இனிமே நானே போட்டுக்கிறேன்ப்பா, முகாமுக்கு அலையிற உனக்கு எதுக்குச் சிரமம்" என்றார். நம்பினேன். மாதம் ஒரு பாட்டில் வாங்கிவந்து கையில் கொடுத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் காப்பி டம்ளரை நீட்டினேன். அம்மாவின் கை டம்ளருக்கு அரை அடி தள்ளிப் போய், வெறும் காற்றைப் பிடித்து மூடியது. "எங்கப்பா வச்சிருக்க?" என்றார். அலமாரியைத் திறந்தேன். பெரிய எழுத்து வேதாகமத்துக்குப் பின்னால் ஏழு பாட்டில்கள் சீல் உடைக்காமல் வரிசையாக நின்றன.

மதுரைக்குக் கூட்டிப்போனோம். குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் கொஞ்சம் மட்டும் மிஞ்சியிருந்தது. இரண்டு வருஷத்தில் அதுவும் போயிற்று. அந்தப் பிரசங்கியார் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். என்னால் அப்படிச் சொல்ல வெகு காலம் ஆயிற்று. ஊரார் கண்ணையெல்லாம் சோதித்தவன், பெற்றவள் கண்ணை ஏன் அந்த எட்டு மாதமும் சோதிக்கவில்லை என்ற கேள்வியும் என்னை விடவில்லை.

வேதத்தில் மருந்துக்கும் விசுவாசத்துக்கும் பகை இருப்பதாக நான் பார்க்கவில்லை. எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொன்னது ஏசாயா தீர்க்கதரிசி. யோவான் 9-லேயே ஆண்டவர் சேறு உண்டாக்கிப் பூசி, சீலோவாம் குளத்தில் போய்க் கழுவச் சொன்னார். பவுலோடு ஊர் ஊராகப் போன லூக்கா, "பிரியமான வைத்தியன்." அவ்வளவு தூரம் போவானேன்? வேலூரில் 1900-ல் ஒரு சிறு மருந்தகம் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் கடைசிக் காலத்தை எங்கள் கொடைக்கானலில்தான் கழித்தார். 1960-ல் இங்கேதான் காலமானார். வாழ்நாள் முழுக்க ஜெபமும் மருத்துவமும் அவருடைய இரண்டு கைகளாக இருந்தன.

ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டுச் சொட்டு விடுங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ஒரு தடவையாவது கண் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். பெற்றவருக்கோ கூடப்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால் உங்களுக்கு வர வாய்ப்பு அதிகம். நானும் தங்கையும் வருஷம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம்.

வேறு மதத்தவர் நடத்தும் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

தாராளமாக. மதுரையில் 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி, முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி ஆயிரக்கணக்கானவர்களுக்குப் புரை எடுத்தார். அவர் அரவிந்தரைப் பின்பற்றியவர். நம் சபையின் எத்தனை பாட்டிமார் அவர் ஏற்படுத்திய இடத்தில் பார்வை பெற்றுப் பாட்டுப் புத்தகத்தைத் திரும்ப எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். அடிபட்டுக் கிடந்தவனுக்கு அந்நியன் ஒருவன் உதவிய நல்ல சமாரியன் உவமையைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

ஜெபித்தும், மருத்துவம் பார்த்தும் பார்வை திரும்பவில்லை. என் விசுவாசத்தில் என்ன குறை?

பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க மூன்று தடவை வேண்டினார். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் கிடைத்தது. அது என்ன முள் என்று அவர் எழுதவில்லை. கூடுமானால் உங்கள் கண்களைப் பிடுங்கி எனக்குக் கொடுத்திருப்பீர்கள் என்று கலாத்தியருக்கு எழுதியதை வைத்து, கண் உபாதையாக இருக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. எதுவாக இருந்தாலும், பவுலிடம் போய் உமக்கு விசுவாசம் போதாது என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? அதை உங்களிடம் மட்டும் ஏன் சொல்கிறார்கள்?

வயதில் கண் மங்கியவர்கள் வேதத்தில் நிறைய. யாக்கோபு பேரப்பிள்ளைகளை ஆசீர்வதிக்கும்போது கைகளைக் குறுக்காக வைக்கிறார். கண் நன்றாகத் தெரிந்த யோசேப்பு, அப்பா தப்பாக வைத்துவிட்டார் என்று கையைப் பிடித்து நகர்த்தப் பார்க்கிறார். கிழவர் சொல்கிறார்: "எனக்குத் தெரியும், என் மகனே, எனக்குத் தெரியும்." சீலோவில் இருந்த அகியா தீர்க்கதரிசிக்கும் பார்வை இல்லை. யெரொபெயாமின் மனைவி வேஷம் மாறி வந்தபோது, கர்த்தர் முன்பே அறிவித்திருந்தபடி, வாசற்படியில் அவளுடைய நடையின் சத்தத்தைக் கேட்டதுமே யார் என்று சொல்லிவிட்டார்.

இதனால் பார்வை போவது நல்லது என்று ஆகிவிடாது. போனது போனதுதான்; அதற்காக அழலாம். உள்ளான கண் திறந்திருக்கிறதே, இது எதற்கு என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் அந்த வீட்டில் ஒரு வாரம் தங்கிச் சமைத்துக் கொடுத்துவிட்டு அப்புறம் சொல்லட்டும்.

ஜெப எண்ணெயைக் கண்ணுக்குள் விடலாமா?

வேண்டாம். யாக்கோபு நிருபத்தில் எண்ணெய் பூசச் சொல்லியிருக்கிறது, நெற்றியில் பூசுங்கள். எண்ணெய், தாய்ப்பால், பச்சிலைச் சாறு எதையும் கண்ணில் விட வேண்டாம். பீன்ஸ் தோட்டத்தில் கொடியோ குச்சியோ கண்ணில் பட்டால் கருவிழியில் பூஞ்சைப் புண் வரலாம். அது நம் பக்கத்து விவசாயிகளின் பார்வையைப் பறிக்கிற பெரிய எதிரி. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஏதோ ஒரு சொட்டு, அதில் ஸ்டீராய்டு இருந்தால், புண்ணை இன்னும் மோசமாக்கும். அன்றைக்கே இறங்கிப் போய்க் காட்டுங்கள்.

வேத எழுத்து மங்குகிறது. சத்துருவின் தடையா?

வயது நாற்பத்திரண்டா? வெள்ளெழுத்து. கண் வில்லை நெகிழ்வை இழப்பதால் எல்லாருக்கும் வருவது. படிக்கிற கண்ணாடி ஒன்று வாங்குங்கள்.

கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு முழங்காலில் நின்று ஜெபிக்கலாமா?

முழங்கால் பிரச்சினை இல்லை, தலையைத் தரையில் முட்டுகிற மாதிரி குனிவதுதான் வேண்டாம், டாக்டர் சொல்லும் வரைக்கும். முகத்தை அழுத்தி அழுவதும், கண்ணைக் கசக்குவதும், தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதும், விறகுப் புகையில் உட்காருவதும் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்து ஜெபிப்பதைக் கடவுள் கேட்பார்.

புரை என்பது கண்ணுக்கு மேல் வளர்கிற சவ்வு என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே இருக்கிற வில்லையே பழுத்து மங்கிப்போவதுதான் புரை. அதை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைப்பார்கள். பழுத்த வில்லை மஞ்சளாக இருப்பதால் நீல நிறத்தை மறைத்துவிடும். கட்டைப் பிரித்ததும், வானம் இவ்வளவு நீலமா என்று எல்லாரும் கேட்பார்கள். பூம்பாறைப் பக்கமிருந்து வந்த ஒரு பாட்டி மட்டும் வானத்தைப் பார்க்கவில்லை. கட்டைப் பிரித்ததும் எதிரே நின்ற மருமகளை உற்றுப் பார்த்தார். கையை நீட்டி அவர் காதோர முடியைத் தொட்டார். "என்னத்தா, உனக்கும் நரச்சிருச்சா?" என்றார். ஒரே வீட்டில் இருபது வருஷம் ஒத்துப்போகாதவர்கள் என்று கூட வந்தவர்கள் பிறகு சொன்னார்கள். மருமகள் பதில் சொல்லவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே வேன் வரைக்கும் நடந்தார். வில்லை வைத்தவர் டாக்டர். நரையைப் பார்க்க வைத்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குத் தரிசனங்கள் வருவதில்லை. நான் ஆவிக்குரியவன் இல்லையா?

கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக் தெரியுமல்லவா? 1872-ல் கோக்கர் என்ற அதிகாரி மலை விளிம்பில் அமைத்த நடைபாதை. முதுகுப் பக்கம் சூரியனும், எதிரே பள்ளத்தில் மஞ்சும் இருக்கிற நேரத்தில் அங்கே நின்றால், மஞ்சின்மேல் பெரிய உருவம் ஒன்று தெரியும். தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒளிவட்டம். முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கையை உயர்த்தினேன், அதுவும் உயர்த்தியது. என் நிழல்தான். மஞ்சின் நீர்த்துளிகளில் வெளிச்சம் திரும்பி வருவதால் உண்டாவது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நாலு பேர் சேர்ந்து நின்றால், ஒவ்வொருவருக்கும் தன் தலையைச் சுற்றித்தான் வட்டம் தெரியும். பக்கத்தில் நிற்பவரின் நிழலுக்கு வட்டம் இருக்காது.

தரிசனம் என்று ஒருவர் சொல்லும்போது நான் அதைத்தான் பார்ப்பேன். அந்தக் காட்சியில் ஒளிவட்டம் யார் தலையைச் சுற்றி இருக்கிறது? சொல்கிறவர் தலையைச் சுற்றி மட்டும் இருந்தால் பொறுமையாகக் காத்திருந்து பார்ப்பது நல்லது.

கடவுள் காட்டும் காட்சிகளை நான் மறுக்கவில்லை. தோத்தானில் சீரியப் படை சூழ்ந்தபோது எலிசா தீர்க்கதரிசி, "கர்த்தாவே, இவன் பார்க்கும்படி இவன் கண்களைத் திறந்தருளும்" என்று வேலைக்காரனுக்காக ஜெபித்தார். மலை முழுக்க அக்கினி ரதங்கள் தெரிந்தன. நாம் அதோடு கதையை நிறுத்திவிடுகிறோம். பிறகு என்ன நடந்தது? கண்மயக்கம் பிடித்த அந்தப் படையைச் சமாரியாவுக்கு நடத்திக்கொண்டுபோய், அவர்கள் கண்ணையும் திறக்கச் சொல்லி ஜெபித்து, வெட்டட்டுமா என்று கேட்ட ராஜாவைத் தடுத்து, அப்பமும் தண்ணீரும் வைக்கச் சொன்னார். ராஜா பெரிய விருந்தே வைத்தான். அக்கினி ரதத்தைப் பார்த்தவர்கள் எதிரிக்குச் சோறு போட்டு அனுப்பினார்கள். உங்களுக்குக் காட்சிகள் வராவிட்டால் கவலைப்படாதீர்கள். "காணாதிருந்தும் விசுவாசிக்கிறவர்கள் பாக்கியவான்கள்" என்று ஆண்டவர் சொன்னது உங்களைத்தான்.

எனக்கே ஆவிக்குரிய குருட்டாட்டம் இருந்தால் எப்படித் தெரியும்?

தெரியாது என்பதுதான் கஷ்டம். கண் அழுத்த நோயிலும் அப்படித்தான். ஒரு கண்ணில் விழுந்த ஓட்டையை இன்னொரு கண் மூடி மறைக்கும். மீதியை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். இருட்டாகத் தெரிந்தால் பயந்து வருவார்கள். ஒன்றுமே தெரியாத இடம் இருட்டாகக்கூடத் தெரியாது. லவோதிக்கேயா சபைக்கும் ஆண்டவர் சொன்னது, நீ குருடனாயிருக்கிறதை அறியாமல் இருக்கிறாய் என்று. பார்வையடையும்படி கண்களுக்குக் கலிக்கம் போடச் சொன்னார்.

பார்வைப் பரப்பைத் தானாகச் சோதித்துக்கொள்ள முடியாது. எதிரே ஒருவர் உட்கார்ந்து விரலைக் காட்டிக் கேட்க வேண்டும். அதுபோல, உங்கள் வீட்டில் உங்களுக்குப் பயப்படாத ஒருவரைக் கேளுங்கள்: "நான் யாரைப் பார்க்காமல் இருக்கிறேன்?" வீட்டு வேலைக்கு வருகிற அக்காவின் பிள்ளைகள் பேர் தெரியுமா? சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதத்துக்கு முன்னாலேயே எழுந்து போகிறவர் யார்? ஒரே கல்லறைத் தோட்டத்தில் இன்னாருக்கு இந்தப் பக்கம் என்று பிரித்து வைத்திருந்தால், அதை நாம் பார்த்தோமா? ஓரத்தில் இருப்பவர்கள்தான் முதலில் மறைவார்கள்.

மலை வெயிலில் கண்ணுக்குக் கெடுதல் உண்டா? குளிர்தானே?

உண்டு. ஒவ்வொரு 1000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. நாம் 2000 மீட்டருக்கு மேல் இருக்கிறோம். மேகம் அதை முழுசாகத் தடுக்காது. தோட்ட வேலைக்கு விளிம்பு வைத்த தொப்பி, மருந்தடிக்கும்போது கண்ணை மூடும் கண்ணாடி. மருந்து தெறித்தால் உடனே நல்ல தண்ணீரில் பதினைந்து நிமிஷமாவது கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிரசங்கத்தில் "குருடன்" என்று சொல்லலாமா?

வசனத்தை வாசிக்கும்போது அதில் உள்ளபடி வாசிக்கிறோம். நாமாகப் பேசும்போது பார்வையற்றவர் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? கவனமில்லாதவரைத் திட்ட அந்தச் சொல்லைப் பயன்படுத்தும்போது, மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பார்வையற்ற சகோதரியின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

குருடனுக்கு முன்னே தடுக்கல் வைக்கக் கூடாது என்பது லேவியராகமம். தடுக்கல் என்பது நம் சபைகளில் பெரும்பாலும் நடைவழியில் கழற்றிப் போட்ட செருப்பும், இடம் மாற்றிய நாற்காலியும்தான். பின்னாலிருந்து கையைப் பிடித்து இழுக்காதீர்கள்; பேர் சொல்லி, உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்ளக் கொடுங்கள். பேசிவிட்டுப் போகும்போது "வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். இல்லையென்றால் அவர் காலி இடத்தோடு பேசிக்கொண்டிருப்பார்.

கண்தானம் செய்தால் உயிர்த்தெழும்போது கண் இல்லாமல் எழுந்திருப்போமா?

மண்ணில் எல்லாரின் கண்ணும்தான் போகிறது. "அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும்" என்று 1 கொரிந்தியர் 15 சொல்கிறது. மண்ணிலிருந்து நம்மை எழுப்புகிறவருக்குக் கருவிழி ஒரு சிரமமா?

உயிர் பிரிந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். கீழேயிருந்து கண் வங்கிக் குழு மலைப்பாதையில் ஏறி வர வேண்டியிருப்பதால் நமக்கு நேரம் இன்னும் குறைவு. போனில் கூப்பிடுவதைத் தள்ளிப்போடாதீர்கள். அதுவரை மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். கண்ணாடி போட்டவர்களும், புரை ஆபரேஷன் ஆனவர்களும், சர்க்கரை உள்ளவர்களும் கொடுக்கலாம். முகம் விகாரமாகாது. வருஷா வருஷம் ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை கண்தான இருவாரம். வேளாங்கண்ணித் திருவிழாவும் இந்த நாட்களுக்குள்தான் நடக்கிறது. நேர்ச்சை செய்கிறவர்கள் இதையும் ஒரு நேர்ச்சையாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் ஆசை. என் அம்மாவின் கண்களைக் கொடுத்தோம். கெட்டது நரம்பு; கருவிழி நன்றாகவே இருந்தது.

பார்வை போன பிறகு வேதம் வாசிப்பது எப்படி?

பாளையங்கோட்டையில் 1890-ல் மிஷனரி ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியதிலிருந்து தமிழில் பிரெயில் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். தடவி வாசிக்கும் இந்தப் புள்ளி எழுத்தை உண்டாக்கிய லூயி பிரெயிலே 3 வயதில் அப்பாவின் தோல் தைக்கும் ஊசி பட்டுக் கண்ணை இழந்தவர். வளர்ந்து பாரிஸ் ஆலயங்களில் ஆர்கன் வாசித்தவர். சின்ன வயசில் பார்வை போனவர்கள் அவசியம் பிரெயில் கற்க வேண்டும். வயதானவர்களுக்கு, அதுவும் சர்க்கரையில் விரல் மரத்துப்போனவர்களுக்கு, புள்ளிகளைத் தடவி வாசிப்பது கடினம். அவர்களுக்குக் கைப்பேசியில் ஒலி வேதாகமம் இருக்கிறது. அதைவிட நல்லது, ஒரு பேரப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது.

அம்மாவுக்குத் தங்கை மகள் வாசிப்பாள். 121-ஆம் சங்கீதத்தைத் தினமும் கேட்பார். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்று அவள் தொடங்கியதும், அம்மா சன்னல் பக்கம், பெருமாள் மலை இருக்கிற திசைக்கு, முகத்தைத் திருப்புவார். திசை ஒருநாளும் தப்பியதில்லை.

கடைசிக் கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலை ஆராதனைக்கு அம்மாவை நடத்திக்கொண்டு போனேன். நல்ல மஞ்சு. டார்ச் வெளிச்சம் வெள்ளைச் சுவரில் பட்டதுபோல் திரும்பி வந்தது. படிகளை எனக்குச் சொன்னது அம்மாதான்: "இன்னும் மூணு இருக்கு, பாத்து." ஆலயத்து மதில் ஓரத்தில் ஒரு மரத்தை ஒட்டி நடக்கப் போனேன். அம்மா என் முழங்கையை இழுத்து நிறுத்தினார்.

"மரம் இல்லப்பா, ஆளு. மூச்சுச் சத்தம் கேக்குது பாரு."

வேலைக்காக மலைக்கு வந்திருந்த வடநாட்டுப் பையன், மெல்லிய சட்டையோடு, உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான்.

"குளுருமே," என்று அம்மா தன் சால்வையைக் கழற்றினார். "உள்ள கூட்டிட்டு வா."